காய்கறிப் பாத்தியில் துணைப்பூக்கள்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

காய்கறிச் செடிகளுக்கு இடையிலும் பாத்தியின் ஓரத்திலும், ஒரே பருவத்தில் முளைத்துப் பூத்து முடிந்துவிடும் சிறு பூச்செடிகளை வைப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வேலைகளை அவற்றிடம் எதிர்பார்க்கிறார்கள். செடியின் சாற்றை உறிஞ்சும் அசுவினி போன்றவற்றைத் தின்னும் நன்மை செய்யும் பூச்சிகளுக்குத் தேனும் மகரந்தமும் கிடைக்க வேண்டும். பூசணி, வெள்ளரி முதலியவற்றின் மகரந்தச் சேர்க்கைக்குத் தேனீக்கள் வர வேண்டும். மண்ணில் இருந்து வேரைத் தாக்கி அதை முடிச்சு முடிச்சாக வீங்கச் செய்யும் நுண்புழுவான வேர்முடிச்சு நூற்புழு குறைய வேண்டும். ஆகவே, ஏதோ சரியில்லை என்று தோன்றும்போது, கோளாறு பூச்செடியின் வளர்ச்சியில் இருக்கிறதா, அல்லது செடி நன்றாக இருந்தும் நாம் நினைத்த வேலை நடக்கவில்லையா என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் வகைக் கோளாறுகளில் பெரும்பாலானவை, பூச்செடியையும் காய்கறிச் செடியைப் போலவே நடத்துவதால், அதாவது அதே அளவு எருவும் நீரும் மருந்தும் கொடுப்பதால் வருபவை என்பது என் கருத்து. இரண்டாம் வகைக் கோளாறுகள் பெரும்பாலும் நேரத்தையும் பூவின் வகையையும் சார்ந்தவை.

விதைத்தும் முளைக்கவில்லை

முதலில் பார்க்க வேண்டியது விதைத்த ஆழம். அலிசம், பெட்டூனியா, பத்துமணிப் பூ ஆகியவற்றின் விதைகள் முளைக்க வெளிச்சம் உதவுகிறது. அலிசம் விதை ஒரு கிராமில் மூவாயிரம் அளவுக்கு இருக்கும். அவ்வளவு நுண்ணிய விதையை மண்ணுக்குள் புதைத்தால் முளை மேலே வருவதற்குள் அதன் இருப்பு தீர்ந்துவிடும். இவற்றை ஈரமான மண்ணின் மேல் தூவி, உள்ளங்கையால் மெல்ல அழுத்தி, பூவாளிக்குப் பதிலாகத் தெளிப்பானால் நீர் விட வேண்டும். நாஸ்டர்டியத்துக்கு நிலைமை நேர்மாறானது. பட்டாணி அளவில் சுருக்கங்களோடு இருக்கும் அதன் விதை இருட்டை விரும்புவதால் ஒன்று முதல் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்ற வேண்டும். ஓர் இரவு நீரில் ஊறவைத்தால் விரைவாக முளைக்கும். செண்டுமல்லிக்கும் ஜினியாவுக்கும் அரை சென்டிமீட்டர் மண் மூடினால் போதும்.

ஆழம் சரியாக இருந்தால் மண்ணின் வெப்பத்தைப் பாருங்கள். செண்டுமல்லி, ஜினியா, காஸ்மாஸ் ஆகியவை 20 முதல் 27 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் ஒரு வாரத்தில் முளைத்துவிடும். அலிசம், காலெண்டுலா, நாஸ்டர்டியம் ஆகிய மூன்றும் 15 முதல் 20 டிகிரி வரையிலான இதமான மண்ணைக் கேட்பவை. கடும் வெயிலில் விதைத்துவிட்டு விதை சரியில்லை என்று சொல்வது நியாயமாகாது. காய்கறிக்காகப் போட்ட மூடாக்கு, விதை விழுந்த இடத்தையும் மூடியிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் முளைக்கவில்லையென்றால்தான் விதையைச் சந்தேகிக்க வேண்டும். செண்டுமல்லி விதையில் இதைக் கையாலேயே ஓரளவு அறியலாம். கறுத்த, குச்சி போன்ற கீழ்ப்பகுதியை இரு விரல்களுக்கு நடுவே பிடித்து லேசாக வளைத்துப் பாருங்கள். உள்ளே பருப்பு இருக்கும் விதை விறைப்பாக நிற்கும். பதர் காகிதம்போல் மடியும். பூ முழுதாகக் காய்வதற்கு முன்பே பறித்துச் சேர்த்த விதையில் பதர் மிகுதியாக இருக்கும். மற்ற விதைகளுக்கு, பத்து விதைகளை ஈரத் துணியில் சுருட்டி வைத்து, ஐந்துக்குக் கீழே முளைத்தால் புதிய விதை வாங்குவதே மேல்.

முளைத்த நாற்று சாய்கிறது அல்லது காணாமல் போகிறது

தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர் கோத்ததுபோல் நைந்து, நூலாக மெலிந்து, நாற்று படுத்துவிட்டால் அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா போன்ற மண்ணில் வாழும் கிருமிகள் இதற்குக் காரணம். சாய்ந்த நாற்றுக்கு மருத்துவம் கிடையாது. மீதியைக் காப்பாற்ற, நெருக்கத்தைக் கலைத்து, காற்றோட்டம் தந்து, மேல்மண் சற்றுக் காய்ந்த பிறகு காலையில் மட்டும் நீர் விட வேண்டும். தண்டு கத்தியால் வெட்டியதுபோல் துண்டாகிக் கிடந்தால் வெட்டுப்புழுவின் வேலை. செடியைச் சுற்றியுள்ள மண்ணை இரண்டு விரற்கடை கிளறினால் சுருண்டு கிடக்கும் புழு பெரும்பாலும் அகப்படும். இலைகள் ஒழுங்கற்றுக் கிழிந்து, பக்கத்தில் பளபளக்கும் கோடு தெரிந்தால் நத்தையோ ஓடில்லா நத்தையோ வந்திருக்கிறது. செண்டுமல்லியின் வாசனை எல்லாப் பூச்சிகளையும் விரட்டும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தில் ஏமாந்துபோகிறார்கள், ஏனென்றால் இளஞ்செண்டுமல்லியை நத்தைகள் விரும்பித் தின்னும். இரவில் விளக்கோடு போய்ப் பொறுக்குவதும், நாற்று ஒரு சாண் உயரம் வரும்வரை தொட்டியில் வளர்த்துப் பிறகு நடுவதும் பயன் தரும்.

இலை செழிக்கிறது, பூவைக் காணோம்

காய்கறிப் பாத்தியில் மிக அதிகமாகக் காணப்படும் அறிகுறி இதுதான். இதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். அவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வர வேண்டும்.

முதலாவது, இன்னும் காலம் ஆகவில்லை என்பது. விதைத்ததிலிருந்து பூக்க, குட்டைச் செண்டுமல்லிக்கும் நாஸ்டர்டியத்துக்கும் 50 முதல் 60 நாள் வரையும், அலிசத்துக்கு ஆறு முதல் எட்டு வாரம் வரையும், ஜினியாவுக்கு இரண்டு மாதத்தை ஒட்டியும் ஆகும். கணக்குப் பார்க்காமல் நாற்பதாம் நாளில் உரம் போடுவதுதான் அடுத்த காரணத்துக்கு வழி திறந்துவிடுகிறது.

இரண்டாவது, தழைச்சத்து மிகுதி. கீரைக்கும் முட்டைக்கோசுக்கும் ஏற்றவாறு எரு போட்ட மண்ணில் நாஸ்டர்டியமும் காஸ்மாஸும் இலையாகவே வளர்ந்து தள்ளும். இலை கரும்பச்சையாகவும் பெரிதாகவும், தண்டு சதைப்பற்றோடும், கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டும் இருந்தால் இதுவே காரணம். போட்ட உரத்தை மண்ணிலிருந்து எடுக்க முடியாது என்றாலும், மேற்கொண்டு உரம் கொடுப்பதை நிறுத்தி, நீர்விடும் இடைவெளியைச் சற்று நீட்டினால் செடி மெல்லப் பூப்புக்குத் திரும்பும். அடுத்த முறை இவ்விரண்டையும் பாத்திக்குள் வைக்காமல், எருப் படாத வரப்பிலோ தனித் தொட்டியிலோ வைக்க வேண்டும். நாஸ்டர்டியத்தில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இலைக்காம்புகள் நீண்டு, பூக்கள் இலைக்குடைகளுக்குக் கீழே மறைந்திருக்கலாம். இலைகளை விலக்கிப் பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யுங்கள்.

மூன்றாவது, நிழல். நடும்போது வெயிலில் இருந்த செடி, தக்காளியும் பந்தலும் உயர்ந்த பிறகு நிழலுக்குள் போயிருக்கும். இங்கும் கணு இடைவெளி நீளும். ஆனால் இலை வெளிறியும், தண்டு மெலிந்து வெளிச்சம் உள்ள பக்கம் சாய்ந்தும் இருப்பதைக் கொண்டு உர மிகுதியிலிருந்து இதைப் பிரித்தறியலாம். நாளொன்றுக்கு ஆறு மணி நேர நேர்வெயில் கிடைக்காத இடத்தில் செண்டுமல்லியும் ஜினியாவும் பேருக்குத்தான் பூக்கும். அலிசமும் காசித்தும்பையும் ஓரளவு நிழலைப் பொறுத்துக்கொள்ளும்.

நான்காவது, பகலின் நீளம். உயரமாக வளரும் பெரிய பூச் செண்டுமல்லியும் காஸ்மாஸும் பகல் குறுகும்போது விரைந்து பூக்கும் இயல்புடையவை. நீண்ட பகல் உள்ள மாதங்களில் விதைத்தால் அவை முதலில் உயரமாக வளர்ந்துவிட்டுத்தான் பூக்கத் தொடங்கும். குட்டைச் செண்டுமல்லி பகல் நீளத்தை அவ்வளவாகப் பொருட்படுத்துவதில்லை. துணைப்பூவாக அதைப் பரிந்துரைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நன்றாகப் பூத்தது, சட்டென்று நின்றுவிட்டது

ஒரு பருவச் செடியின் வேலை விதை வைப்பதோடு முடிந்துவிடும். வாடிய பூக்களைக் கிள்ளாமல் விட்டால் அது விதையில் முனைந்து, புதிய மொட்டு வைப்பதைக் குறைத்துக்கொள்ளும். கிள்ளும்போது மொட்டையும் வாடிய தலையையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. காஸ்மாஸில் மொட்டு உருண்டு, மேல்பக்கம் சற்றுத் தட்டையாக, கையில் கெட்டியாக இருக்கும். இதழ் உதிர்ந்த தலை கூம்பி, நுனி கூராக இருக்கும். செண்டுமல்லியில் வாடிய தலையை அழுத்தினால் மெத்தென்று அமுங்கும். வெறும் இதழை மட்டும் பிய்க்காமல், கீழே உள்ள முதல் இலை இணைக்கு மேலே காம்போடு எடுக்க வேண்டும், ஏனென்றால் விதை கட்டும் பகுதி பச்சைக் கிண்ணத்துக்குள் இருக்கிறது.

வெயில் உச்சத்தில் இருக்கும்போது அலிசம் பூப்பதை நிறுத்தி, வைக்கோல் நிறத்துக்கு மாறும். செத்துவிட்டது என்று பலர் பிடுங்கிவிடுகிறார்கள். அவ்வாறு செய்யாமல், செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை கத்தரியால் வெட்டிவிட்டு நீர் விட்டு வந்தால், வெப்பம் தணிந்ததும் மறுபடி பூக்கும். காலெண்டுலாவையும் இவ்வாறு மீட்கலாம், ஆனால் அலிசத்தின் அளவுக்கு உறுதியாகச் சொல்ல முடியாது.

இலை வெளுக்கிறது, பொடி படிகிறது, பூ பச்சையாகிறது

ஜினியா, காலெண்டுலா இலைகளில் மாவு தூவியதுபோல் வெள்ளைப் பொடி படிந்தால் அது சாம்பல் நோய். இலை நனைந்தால்தான் நோய் வரும் என்ற பொது விதி இதற்குப் பொருந்தாது. காற்றில் ஈரமும், செடிகளுக்கு இடையே நெருக்கமும் நிழலும் இருந்தால் உலர்ந்த இலையிலும் இது பரவும். அடியிலைகளை நீக்கி, நெருக்கத்தைக் குறைப்பதே முதல் வேலை.

வறண்ட வெயிலில் செண்டுமல்லி இலைகள் ஊசியால் குத்தியதுபோல் புள்ளி புள்ளியாக வெளுத்து, மொட்டுகளைச் சுற்றி மெல்லிய நூலாம்படை தெரிந்தால் சிலந்திப்பேன் தாக்கியிருக்கிறது. ஒரு வெள்ளைத் தாளைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டுங்கள். விழுந்த புள்ளிகள் மெல்ல நகர்ந்தால் சந்தேகம் தீர்ந்தது. இலையின் அடிப்பக்கத்தில் படுமாறு நீரை விசையாகப் பீய்ச்சி, சில நாள் இடைவெளியில் அதைத் திரும்பச் செய்ய வேண்டும். பூச்சிக்கொல்லி தெளித்த பிறகு சிலந்திப்பேன் பெருகியது என்றால் வியப்பதற்கில்லை. அதைத் தின்று கட்டுக்குள் வைத்திருந்த இரைவிழுங்கிகள் முதலில் செத்திருக்கும்.

இதழ்கள் தம் நிறத்தை இழந்து பச்சையாகவும் இலைபோன்றும் மாறினாலோ, ஒரே கணுவிலிருந்து மெல்லிய தளிர்கள் துடைப்பம்போல் கிளம்பினாலோ மட்டும் தயக்கம் கூடாது. இது தத்துப்பூச்சி வழியாகப் பரவும் பைட்டோபிளாஸ்மா (பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்) நோய், குணப்படுத்த முடியாதது. செண்டுமல்லி, ஜினியா, காஸ்மாஸ் மூன்றுக்கும் வரும் இந்த வகை நோய், கேரட், லெட்யூஸ் போன்ற காய்கறிகளுக்கும் தாவக்கூடியது. செடியை வேரோடு பிடுங்கி அப்புறப்படுத்துங்கள். பிடுங்கும்போது செடியை உலுக்கினால் தத்துப்பூச்சிகள் அடுத்த செடிக்குத் தாவும் என்பதால், ஒரு பையால் மூடிக்கொண்டு பிடுங்குவது நல்லது.

பூச்செடியிலேயே அசுவினி மொய்க்கிறது

இது கோளாறா, திட்டம் நடக்கிறது என்பதற்கான அடையாளமா என்பதை அருகில் உட்கார்ந்து பார்த்தால்தான் சொல்ல முடியும். நாஸ்டர்டியத்தைக் கருப்பு அசுவினிக்குப் பொறிப்பயிராக, அதாவது பூச்சியைக் காய்கறியிலிருந்து தன் பக்கம் இழுக்கும் செடியாக, வைப்பவர்கள் உண்டு. அதில் அசுவினி வருவது எதிர்பார்த்ததே. ஆனால் பொறிப்பயிர் என்பது வைத்துவிட்டு மறந்துவிடக் கூடிய ஏற்பாடு அன்று. கூட்டம் நெருக்கமாகும்போது சிறகு முளைத்த அசுவினிகள் தோன்றிப் பக்கத்துச் செடிகளுக்குப் பறக்கும். ஆகவே மொய்த்த நுனிகளை அவ்வப்போது வெட்டிச் சோப்பு நீரில் அமிழ்த்தாவிட்டால், பொறியாக வைத்த செடியே பூச்சிக்குப் பண்ணையாகிவிடும். முட்டைக்கோசு வண்ணத்துப்பூச்சியின் புழுக்களும் நாஸ்டர்டியத்தைத் தின்னும் என்பதால், முட்டைக்கோசுப் பாத்திக்கு ஒட்டி அதை வைத்தால் இலையடியில் முட்டைகளைத் தேடி நசுக்கும் வேலையும் கூடவே வந்து சேரும்.

வெட்டுவதற்கு முன் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியோடு கூட்டத்தைப் பாருங்கள். அசுவினிகளுக்கு நடுவே ஒன்றிரண்டு மட்டும் உப்பி உருண்டு, தவிட்டு நிறத்தில், அசைவின்றி ஒட்டிக்கொண்டிருக்கலாம். அவற்றுள் சிலவற்றின் முதுகில் ஊசித்துளைபோல் வட்டமான ஓட்டை தெரியும். ஒட்டுண்ணிக் குளவி அசுவினிக்குள் முட்டையிட்டு, உள்ளேயே வளர்ந்த குஞ்சுக் குளவி வெளியேறிய வழி அது. இன்னும் கூர்ந்து பார்த்தால், காலே இல்லாமல், தலைப்பக்கம் ஒடுங்கி, உடல் பசுமையாகவும் ஓரளவு கண்ணாடிபோலவும் உள்ள ஒரு சிறு புழு, ஓர் அசுவினியைக் கவ்வித் தூக்கி உறிஞ்சிக்கொண்டிருப்பதைக் காணலாம். பூக்களுக்கு வந்து தேனும் மகரந்தமும் உண்ணும் சிர்பிட் ஈயின் புழுவான இது, வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும். இதை இலை தின்னும் புழு என்று எண்ணி நசுக்குவது மிகப் பரவலான தவறு. இவ்விரண்டில் ஒன்று கண்ணில் பட்டாலும் கத்தரியைக் கீழே வைத்துவிட்டு ஒரு வாரம் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

எறும்புகள் தண்டில் வரிசையாக ஏறி இறங்கினால் நிலைமை வேறு. அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் காவல் காத்து, பொறிவண்டையும் புழுக்களையும் விரட்டிவிடும். எறும்பின் வழியை முதலில் அடைக்க வேண்டும். இலைகள் தேமல் படர்ந்து சுருண்டு, செடி குட்டையாகிவிட்டால், வெள்ளரித் தேமல் நச்சுயிரி போன்றவை வந்திருக்க வாய்ப்பு உண்டு. ஜினியாவும் நாஸ்டர்டியமும் அதற்கு இடம் கொடுக்கக்கூடியவை. அசுவினி அதை வெள்ளரிக்கும் மிளகாய்க்கும் கொண்டுசெல்லும். அத்தகைய செடியை விட்டுவைப்பதில் பயனில்லை.

பூக்கள் நிறைய இருந்தும் நன்மை செய்யும் பூச்சிகள் வரவில்லை

இங்கே முதலில் பூவின் வடிவத்தைக் கேள்வி கேட்க வேண்டும். சிர்பிட் ஈக்கும் ஒட்டுண்ணிக் குளவிக்கும் வாய்ப்பகுதி குட்டை. ஆழமான குழாய்ப் பூவிலும், அடுக்கடுக்காக இதழ் செறிந்த பூவிலும் அவற்றால் தேனை எட்ட முடியாது. பந்துபோல் திரண்ட செண்டுமல்லியும் அடுக்கு ஜினியாவும் பார்வைக்கு அழகே தவிர, இந்தப் பூச்சிகளுக்குப் பூட்டிய கடை மாதிரி. நடுவட்டம் தெளிவாகத் தெரியும் ஒற்றையடுக்கு வகைகளையும், அலிசத்தையும், பூக்கவிட்ட கொத்தமல்லியையும், சதகுப்பையையும் நாட வேண்டும். கலிபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கில் இயற்கை முறையில் லெட்யூஸ் பயிரிடுவோர், அசுவினியைக் கட்டுப்படுத்த லெட்யூஸ் வரிசைகளுக்குள்ளேயே அலிசத்தை நடுவது இந்தக் காரணத்தால்தான்.

அடுத்தது நேரம். சிர்பிட் ஈயின் முட்டைகள் முதிர்வதற்கு மகரந்தம் தேவை. அது பூவுக்கு வந்து, பிறகு அசுவினிக் கூட்டத்தைத் தேடி முட்டையிட்டு, புழு வெளிவந்து தின்னத் தொடங்குவதற்கு நாட்கள் பிடிக்கும். காய்கறியில் அசுவினி தெரிந்த பிறகு பூ விதை வாங்கப் புறப்பட்டால் அந்தப் பருவத்துக்கு அது உதவாது. காய்கறி நாற்று நடுவதற்குச் சில வாரங்கள் முன்பே பூவை விதைத்திருக்க வேண்டும், அல்லது நாற்றாகவே வாங்கி நட வேண்டும். அவசரத்துக்குக் கொத்தமல்லியை அறுக்காமல் பூக்கவிடுவது எளிய வழி.

மூன்றாவது, மருந்து. பைரித்ரம் போன்ற, இயற்கையானவை என்று விற்கப்படும் தெளிப்புகளும் சிர்பிட் ஈயையும் குளவியையும் கொல்லும். இமிடாகுளோப்ரிட் போன்ற ஊடுருவிப் பாயும் மருந்துகள் தேனுக்கும் மகரந்தத்துக்கும் போய்ச் சேருவதால், அவற்றைப் பெற்ற செடியின் பூ, வருகிற பூச்சிக்கு நஞ்சூட்டும். நாற்றாக வாங்கும் பூச்செடிக்கு முன்பே அத்தகைய மருந்து கொடுக்கப்பட்டிருக்கலாம். விற்பவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது, பதில் தெளிவாக இல்லையென்றால் விதையிலிருந்து வளர்ப்பதே நிம்மதி.

காய்கறிச் செடி இளைக்கிறது

துணைப்பூ நெருங்கிவிட்டது என்பதைத் தவிர இதில் ஆராய அதிகம் இல்லை. அலிசம் ஒரு செடி 25 முதல் 30 சென்டிமீட்டர் அகலம் வரை பரவும். நாஸ்டர்டியத்தின் கொடிவகை ஒரு மீட்டருக்கு மேலும் ஓடும். காய்கறி நாற்று சிறிதாக இருக்கும் முதல் சில வாரங்களில்தான் பாதிப்பு மிகுதி. நாற்றின் தண்டைச் சுற்றி ஒரு சாண் இடத்தை வெறுமையாக வைத்து, எல்லை மீறும் கிளைகளை வெட்டிவிடுங்கள். உயரச் செண்டுமல்லியையும் காஸ்மாஸையும் குட்டைக் காய்கறிகளின் வெயில் வரும் பக்கத்தில் வைக்கக் கூடாது.

செண்டுமல்லி நட்டும் வேர்முடிச்சு குறையவில்லை

பிடுங்கிய காய்கறியின் வேரில் இருப்பது நூற்புழு முடிச்சுதானா என்று முதலில் உறுதிசெய்யுங்கள். அவரை, பயறு வகைகளின் வேரில் இருக்கும் நன்மை தரும் முடிச்சுகள் வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும். விரல் நகத்தால் தள்ளினால் உதிர்ந்துவிடும். நூற்புழு உண்டாக்கும் முடிச்சு வேரே வீங்கியதால் வந்தது. வேரை அறுக்காமல் அதைப் பிரிக்க முடியாது.

நூற்புழுதான் என்றால், செண்டுமல்லியைப் பயன்படுத்திய முறையில் பிழை இருக்கலாம். அதன் வேரில் உண்டாகும் ஆல்ஃபா தெர்தீனைல் என்ற பொருள் நூற்புழுவைக் கொல்லக்கூடியது. ஆனால் அது செயல்படுவது உயிருள்ள வேரிலும் அதை ஒட்டிய மண்ணிலும் மட்டுமே. தக்காளிக்கு நடுவே ஒன்றிரண்டு செடிகளை வைப்பதாலோ, பூச்செடியைப் பிடுங்கி நறுக்கி மண்ணில் கலப்பதாலோ பெரிய பலனை எதிர்பார்க்க முடியாது. காய்கறி நடுவதற்கு முன்பே, பாத்தி முழுவதும் குட்டைச் செண்டுமல்லியை 15 முதல் 18 சென்டிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக நட்டு, குறைந்தது இரண்டு மாதம் வளர்க்க வேண்டும். அந்தக் காலத்தில் களை இருக்கக் கூடாது, ஏனென்றால் பல களைகளின் வேரில் நூற்புழு தங்கிப் பிழைத்துக்கொள்ளும். ஒரு பருவ விளைச்சலை விட்டுக்கொடுக்க மனமில்லாதவர்கள், பாத்தியைப் பாதியாகப் பிரித்து முறைமாற்றிச் செய்யலாம்.

அடுத்த பருவத்தில் பாத்தியெங்கும் பூநாற்று

அலிசம், காலெண்டுலா, காஸ்மாஸ் மூன்றும் தாமாக விதை உதிர்த்துப் பரவும். கேரட், வெங்காயம் போல நேரடியாக விதைத்து மெல்ல முளைக்கும் பயிர்களின் பாத்தியில் இது உண்மையான தொல்லை. பாத்திக்கு நீர் விட்டு, முளைப்பதை முளைக்கவிட்டு, இரண்டு இலைப் பருவத்தில் மேலோட்டமாகச் சுரண்டி எடுத்த பிறகு விதைத்தால் பெரும்பகுதி தீர்ந்துவிடும். நாற்று தேவைப்படுகிறவர்கள், நான்கு இலை வந்ததும் வேர் மண்ணோடு பெயர்த்து ஓரத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். நாஸ்டர்டியம் மட்டும் வேர் அசைவதைப் பொறுக்காது, ஆகவே அது முளைத்த இடத்திலேயே இருக்கட்டும். கலப்பின விதையிலிருந்து வந்த செடிகளின் உதிர்விதை, தாய்ச்செடியின் உயரத்தையோ பூவின் வடிவத்தையோ அப்படியே கொண்டிருக்காது என்பதால், ஓரத்துக்கு மாற்றிய நாற்றுகளின் முதல் பூவைப் பார்த்து, நடுவட்டம் திறந்தவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை எடுத்துவிடுங்கள்.